குளக்கரையை விட்டு எழுந்த பிறகு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவரை யோவான் நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் சந்திக்கிறோம். ஆண்டவர் அவரைக் குணமாக்கினார். அவர் படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்தார். நாம் வழக்கமாக அதோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் இயேசு அவரைப் பிறகு கோவிலிலும் கண்டு, இனிமேல் எப்படி வாழவேண்டும் என்று எச்சரிக்கிறார். நலமடைந்தவருக்கும் ஒரு வார்த்தை தேவைப்பட்டது.

சில ஆண்டுகளாக மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்தித்து வருகிறேன். அங்கே 26 வயது இளைஞர் ஒருவர். விரையில் புற்றுநோய். மேடையில் சொல்லக் கூச்சப்படும் சொல்தான். அந்தக் கூச்சத்தால்தான் வலியில்லாத கட்டியை அவர் ஏழு மாதம் தாயிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் வரும் நோய் இது. வீட்டில் வளர்ந்த பையன்கள் இருந்தால், பெற்றோரே, இதைப் பேசிவிடுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. பரவிய நிலையில் இந்நோய் வந்தால் 1970களின் தொடக்கம்வரை மிகச் சிலரே பிழைத்தார்கள். 1974இல் அமெரிக்காவின் இண்டியானாவில் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். நிலைமை தலைகீழானது. இன்று இந்நோய் வருவோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள்.

நம் தம்பியும் தேறி வந்தார். மூன்றாவது சுற்று மருந்து ஏறிய மறுநாள், மருத்துவமனை வாசலில் டீக்கடை ஓரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நானும் பார்க்காததுபோல் கடந்துவிட்டேன். பாவம், இவ்வளவு பட்ட பிள்ளை, இதையாவது விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். இரக்கம் என்று அதற்கு அப்போது பெயர் வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பிரிவின் மருத்துவரிடம் கேட்டபோதுதான் புரிந்தது. இந்தச் சிகிச்சையில் தரப்படும் பிளியோமைசின் சிலருக்கு நுரையீரலைப் புண்ணாக்கும்; புகைப்பவருக்கு அந்த ஆபத்து கூடுகிறது. சிஸ்பிளாட்டின் இரத்தக் குழாய்களைத் தாக்குகிறது; புகையும் அதே குழாய்களைத்தான் தாக்குகிறது. குணமானவருக்கு முன்னால் இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கிடக்கின்றனவே! நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்நோயிலிருந்து மீண்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இப்படிச் சொல்கிறது: பிற்காலத்தில் வேறொரு புற்றுநோயோ இதய நோயோ வரும் ஆபத்தைச் சிகிச்சை எவ்வளவு கூட்டுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு புகைப்பழக்கமும் கூட்டுகிறது. சிகிச்சையின் சுமையைத் தவிர்க்க முடியாது. மற்றதைத் தவிர்க்கலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சிகரெட்தான் அவருக்கு இந்நோயைத் தந்தது என்று யாரும் சொல்லவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. நோயாளியின் கட்டிலருகே போய்க் கணக்குக் கேட்கும் உறவினர்களுக்கு இதை நினைவூட்டுகிறேன்.

அடுத்த வாரம் அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன். குருமடத்திலும் அதற்குப் பிறகும் பதினோரு ஆண்டு நானே புகைத்தவன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஃபாதர், இத்தனை ஊசி தாங்கினேன், இது ஒண்ணு முடியலையே" என்றார். முடியாததில்லை தம்பி, ஆனால் தனியாக முடியாது என்றேன். மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னார். அவர்கள் மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கும் அவர் மனைவி போன் செய்தார். புகையை விட்ட ஓராண்டில் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பதைக் கேட்டு, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்தார்.

இரண்டு முறை வழுக்கினார். இப்போது நான்கு மாதமாகத் தொடவில்லை. வரும் வியாழன் அவருக்கு ஸ்கேன் இருக்கிறது. அவருக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள்.