காய்ச்சலுக்கும் பேர் விழ வேண்டும்

(புத்தளம் மாவட்டக் கரையோரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. பறித்த காய்க்குக் கணக்கு, உரித்த காய்க்குக் கணக்கு. செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அதனால் பேர் விழுந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். இன்று நாம் பேச வந்தது இன்னொரு கணக்கைப் பற்றி. அது நமக்கு வரும் காய்ச்சலின் கணக்கு. அதில் நம்மில் பலருக்குப் பேர் விழுவதில்லை.

கிருமியைக் கொல்லக் கொடுக்கும் மருந்தை அன்டிபயோட்டிக் என்கிறோம். அதைத் தேவையில்லாமலும் அரைகுறையாகவும் குடித்தால், கிருமி அதற்குப் பழகிவிடும். பழகுவது நம் உடம்பு அல்ல, கிருமி. ஆகையால் அந்த மருந்தை ஒருநாளும் குடிக்காத குழந்தைக்கு அந்தக் கிருமி தொற்றினாலும் மருந்து கேட்காது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் நேரடியாக இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரத்தம், சலம், சீழ் ஆகியவற்றில் கொஞ்சம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கிருமியை வளரவிட்டு, மருந்து வைத்து, எதற்குச் சாகிறது என்று பார்ப்பார்கள். இதைத்தான் கல்ச்சர் என்கிறார்கள். முடிவு வரச் சில நாட்கள் எடுக்கும். பல வைத்தியசாலைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பகுதியில் எந்த மருந்து வேலை செய்கிறது என்று தெரியும். இதுதான் கண்காணிப்பு. இதற்காக நம் நாட்டில் 2017 முதல் 2022 வரைக்கும் ஒரு தேசியத் திட்டமே போடப்பட்டது.

டெங்கு என்றால் அறிவித்தல் போகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கே வருவார். மருந்து கேட்காத கிருமி அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வுகூடத்துக்குப் போனால்தான் தெரியும். அங்கே போகாத காய்ச்சல் கணக்கிலும் இல்லை.

நம் பகுதிக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்கிறோம். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. அதன் கிருமி மண்ணிலும் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிறது. காலில் கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். கான் வெட்டுகிறவர்கள், மட்டை ஊறும் குழியில் இறங்குகிறவர்கள், மழைக்காலத்தில் வெறுங்காலோடு வேலை செய்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களை இது லேசில் பிடிக்கும். சிலருக்குக் காய்ச்சலும் இருமலுமாக வரும், காசம் என்று நினைப்பார்கள். சிலருக்கு ஆறாத கட்டியாக வரும். பென்சிலின், அமொக்சிசிலின் போன்ற சாதாரண மருந்துகள் இந்தக் கிருமிக்கு இயல்பாகவே கேட்காது. தவறான மருந்தில் நாட்களைக் கடத்தினால் உயிர் போகும்.

இலங்கையில் இந்த நோய் முதலில் பதிவானது 1927 இல். நோயாளி, கொழும்பில் இருந்த ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர். சேற்றில் நின்றவர்களின் காய்ச்சலை அன்று யார் எழுதினார்கள்? நாடு தழுவிய கண்காணிப்பு இந்த நூற்றாண்டில்தான் தொடங்கியது. அதில் ஆய்வுகூடத்தில் உறுதியான முதல் 108 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2018 இல் வெளிவந்தது. அதில் இரண்டு விடயங்களை நாம் கவனிக்க வேண்டும். நம் வடமேல் மாகாணத்தில் அதிகம் காணப்பட்ட கிருமி வகைகள், மேல் மாகாணத்தில் அதிகம் காணப்பட்டதிலிருந்து வேறு. ஆகவே நம் மண்ணின் கிருமியை நம் பகுதி நோயாளிகளிடமிருந்துதான் அறிய முடியும். மற்றது, இந்தக் கண்காணிப்பில் முந்திச் சேர்ந்த வைத்தியசாலைகளில் மரணம் குறைவு, பிந்திச் சேர்ந்தவற்றில் அதிகம். தேடத் தெரிந்த இடத்தில் ஆள் பிழைக்கிறார் என்றே நாங்கள் இதை விளங்கிக்கொள்கிறோம்.

நம் பிள்ளைகள் சிலர் இந்தக் கரையோரத்து இறால் பண்ணைகளில் வேலை செய்கிறார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் இறாலில் தடைசெய்த அன்டிபயோட்டிக்கின் எச்சம் இருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள். அது சரியான காரியம்தான். இறாலுக்கு இருக்கும் பரிசோதனை அதை வளர்க்கிறவரின் காய்ச்சலுக்கும் வேண்டாமா?

நாம் ஏன் வைத்தியசாலைக்குப் போவதில்லை? போனால் ஒரு பேர் போகும், த்ரீவீல் காசும் போகும். அதனால் பாமசியில் துண்டு இல்லாமல் நாலு கெப்சூல் வாங்குகிறோம். இரண்டைக் குடித்து, காய்ச்சல் விட்டதும் மீதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்யவில்லை. ஆனால் முன்கூட்டியே மருந்து குடித்துவிட்டுப் போனால், பிறகு எடுக்கும் கல்ச்சரில் கிருமி தெரியாமலும் போகலாம்.

ஆகவே நம் பக்கத்தில் செய்ய வேண்டியவை இவை. துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் வாங்க வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். காய்ச்சல் விடாவிட்டால், கட்டி ஆறாவிட்டால் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கே சிகிச்சை இலவசம். ஏற்கெனவே என்ன குளிசை குடித்தீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள், காலில் காயம் உண்டா, சீனி உண்டா என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கல்ச்சர் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

நிர்வாகங்களிடம் சங்கம் கேட்பது இது. வைத்தியசாலைத் துண்டோடு வருகிறவருக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. மெலியோய்டோசிஸ் வந்தால் குறைந்தது பத்து நாளாவது ஊசி மருந்து, பிறகு மூன்று மாதமாவது குளிசை. இடையில் விட்டால் நோய் திரும்பும். அந்தக் காலம் முழுவதும் வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும், இலகுவான வேலை கொடுக்க வேண்டும். சேற்றில் இறங்குகிறவருக்குப் பூட்ஸ் கொடுக்க வேண்டும். சுகாதார அதிகாரிகளிடம் கேட்பது, சிறிய வைத்தியசாலைகளில் எடுக்கும் மாதிரிகளும் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர ஒழுங்கு செய்யுங்கள் என்பதே.

அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு கிளையும் ஒரு காய்ச்சல் கொப்பி வைக்க வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் நீடித்த காய்ச்சல் எத்தனை, அதில் கல்ச்சர் எடுத்தது எத்தனை என்று மட்டும் எழுதினால் போதும். நோயாளியின் பேரை எழுத வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.