நோய் போயிற்றா, அடங்கிற்றா?

(இந்து இளைஞர் மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் மருத்துவபீட மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"பேராதனையில் வைத்தியம் படிக்கிறாய், உடல்நலம் பற்றி ஏதாவது பேசு" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, காய்கறி உண்ணுங்கள், காலாற நடவுங்கள் என்று நாலு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்றே எண்ணினேன். ஆனால் பயிற்சியின் நிமித்தம் பிள்ளைகளின் புற்றுநோயும் இரத்த நோய்களும் பார்க்கப்படும் விடுதியொன்றில் நான் நின்ற வாரங்கள் என்னை விடவில்லை. அங்கே நான் ஒரு பிழை செய்தேன். எந்த வைத்தியசாலை என்பது இங்கு வேண்டியதில்லை, பிழை என்னுடையது.

அந்த விடுதியில் மாணவனுக்குப் பெரிய உத்தியோகம் ஒன்றும் கிடையாது. இரத்தப் பரிசோதனை முடிவுகளை எழுதி வைக்க வேண்டும். பெரிய வைத்தியர் சுற்றி வரும்போது ஒப்புவிக்க வேண்டும். ஊசி ஏற்றும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு மட்டும் மேலதிகமாக ஒரு வேலை இருந்தது. அது தமிழ். கலஹா, தெல்தோட்டை, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் தாய்மாருக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்கு விளங்கும். பிள்ளையின் என்பு மச்சையில் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள அது போதாது. ஆகவே, "தம்பியைக் கூப்பிடுங்கள்" என்பார் தாதியார்.

லூக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோயே சிறுபிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகமாகக் காணப்படுவது. இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் மிகுதி. பிள்ளை வெளிறும், காய்ச்சல் விட்டு விட்டு வரும், அடிபடாமலே கன்றிப்போன தழும்புகள் தோன்றும், கால் நோகிறது என்று நடக்க மறுக்கும். எவருடைய கண்ணூறும் பாவமும் இதற்குக் காரணமல்ல, தொற்றுவதுமல்ல. (பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு தன் பிள்ளையை விளையாட விடாத தாய் ஒருத்தியை நான் கண்டேன். படித்தவள்தான்.)

நான் சொல்ல வந்த சிறுவனுக்கு நாலு வயது. முதல் மாத மருந்து முடிந்து என்பு மச்சையைச் சோதித்தபோது, புற்றுநோய்க் கலங்கள் கண்ணுக்குப் படவில்லை. இந்த நிலையை ஆங்கிலத்தில் 'ரெமிஷன்' என்பார்கள். பெரிய வைத்தியர் அந்தச் சொல்லைச் சொல்லி, "தாய்க்குச் சொல்லும்" என்றார். நானும் மகிழ்ச்சி பொங்க, "அம்மா, நோய் போய்விட்டது" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த கிளினிக் நாளும் சொல்லி, துண்டும் கொடுத்தோம். அந்த நாளில் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளிலும் வரவில்லை.

ஏன் வருவாள்? அவள் இடத்தில் நின்று பாருங்கள். அந்த மாதம் கொடுக்கும் மருந்துகளில் பிரெட்னிசலோன் ஒன்று. அது பிள்ளைக்கு அகோரப் பசியை உண்டாக்கும், கன்னம் உப்பும், முகம் பூரணச் சந்திரன் போல் ஆகும். மெலிந்து கிடந்த மகன் "இன்னும் சோறு தா" என்கிறான், லயத்து வாசலில் ஓடுகிறான். வைத்தியசாலையில் மருந்து இலவசந்தான். பஸ் இலவசமல்ல, இழந்த நாட்சம்பளமும் திரும்பாது. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். மகன் பிழைத்தால் மாரியம்மனுக்கு முடி இறக்குவதாக நேர்த்தியும் வைத்திருந்தாள். முடியோ மருந்தினால் முன்னமே உதிர்ந்துவிட்டது, முளைத்ததும் இறக்கினார்களாம். நேர்த்தியை நான் குறை சொல்லமாட்டேன். 'போய்விட்டது' என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் சொல்லியிருக்கிறானே!

உண்மை என்ன? நோய் பிடிபடும்போது உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோய்க் கலங்கள் இருக்கலாம். முதல் மாத மருந்தில் அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மடிந்தாலும் ஆயிரம் கோடி மிஞ்சி நிற்கும். மிஞ்சியவை நுணுக்குக்காட்டிக்கு அகப்படாமல் ஒளிந்திருக்கும். அவற்றைத் தொலைக்கவே சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டு நீள்கிறது; அதிற் பெரும்பகுதி வீட்டிலிருந்து விழுங்கும் மாத்திரைகள்தாம்.

இதை உலகம் கற்றுக்கொள்ளப் பல பிள்ளைகள் மடிந்தார்கள். 1947-48இல் பொஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் வைத்தியர் 16 பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். 10 பேர் தேறி எழுந்தார்கள். அம்மருந்தை அவருக்குக் கொடுத்தவர்கள் எல்லப்பிரகட சுப்பாராவும் அவருடைய குழுவினரும். ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்ற அவர், அதே 1948இல் காலமானார். நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்? ஆனால் தேறிய பிள்ளைகளுக்கும் சில மாதங்களில் நோய் திரும்பியது. ஒரு மருந்து போதாது, பலவற்றைச் சேர்த்து நெடுநாள் கொடுக்க வேண்டும் என்பது பின்னரே தெளிந்தது. 1962இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கெல் அந்த வழியைப் பிடித்து, அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் பாதிப் பிள்ளைகளைக் காப்பாற்றலாம் என்று காட்டினார். யூதா ததேயு கைவிடப்பட்டோரின் புனிதர் என்பது என்னைப் போல் மிஷன் பாடசாலையில் படித்தவர்களுக்குத் தெரியும். இன்று செல்வ நாடுகளில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

அம்மருந்துகளில் வின்கிறிஸ்டீன் என்பது நம் வேலியோரத்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. பூசைக்குப் பறிக்கிறோம், சுடுகாட்டுமல்லி என்றும் சொல்லுகிறோம். அதற்காக இலையை அவித்துக் குடித்துவிடாதீர்கள்! செடி நஞ்சு. மருந்தாவது பிரித்தெடுத்து அளந்த துளி மட்டுமே.

சில மாதங்களின் பின் அந்தச் சிறுவன் திரும்பி வந்தான், வெளிறி, மூக்கால் இரத்தம் ஒழுக. நோயும் திரும்பியிருந்தது. இரண்டாம் முறை மருந்து கடுமை. நம்பிக்கை மிகக் குறைவு. தாய் என்னைக் கோபிக்கவில்லை. "போயிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க, அய்யா?" என்று மட்டும் கேட்டாள். நான் அவள் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்து, இம்முறை உள்ளதை உள்ளபடி சொன்னேன். மருந்தால் மறுபடி அடக்கப் பார்ப்பார்கள், அடங்கினாலும் உள்ளே இருக்கும் என்றேன். அவள் சிறிது யோசித்து, "ராத்திரி அடுப்புல சாம்பலப் போட்டு மூடி வெச்ச தணல் மாதிரிங்களா?" என்றாள். அத்தனை நாள் நான் தேடாமல் விட்ட சொல் அவளிடம் இருந்தது. இப்போது புதிதாக வரும் தாய்மாருக்கு நான் அதையே சொல்லுகிறேன்; அவர்களுக்கு உடனே விளங்குகிறது. அந்தச் சிறுவன் இன்றும் சிகிச்சையில் இருக்கிறான். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மன்றத்திடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று இரத்தம். நாம் ஆண்டு விழாவன்று ஒரே நாளில் கூட்டமாகப் போய்க் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுகிறோம். இப்பிள்ளைகளுக்கு அவசரமாக வேண்டும் குருதிச் சிறுதட்டுக்கள் ஐந்து நாளைக்கு மேல் நில்லா. தலசீமியாப் பிள்ளைகளுக்கோ மூன்று நாலு வாரத்துக்கொருமுறை இரத்தம் வேண்டும், வாழ்நாள் முழுவதும். ஆகவே உறுப்பினரை நாலு பங்காக்கி, மாதத்துக்கு ஒரு பங்கினர் போவோம். ஒருவருக்கு நாலு மாதத்துக்கொருமுறைதான் முறை வரும். தலசீமியா பற்றி இன்னொன்று: தாயும் தந்தையும் சுகதேகியாகவே இருந்து, இருவரும் அந்தக் குறையை மறைவாகச் சுமந்தால்தான் பிள்ளைக்குக் கடும் நோய் வரும். கலியாணத்துக்கு முன் செய்யும் ஓர் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். சாதகம் பார்க்கும் பெரியோர்கள் இதையும் கேட்டால், பெண்ணையோ மாப்பிள்ளையையோ அவமதித்ததாக யாரும் கொள்ளக்கூடாது.

மற்றது, கிளினிக் நாளில் துணை. தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் தாயோடு உட்கார்ந்து, என்ன சொன்னார்கள் என்பதை அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்து கேட்க வேண்டும். வராத தாய்க்கு அன்று மாலையே தொலைபேசியில் பேச வேண்டும். பஸ் செலவுக்கு ஒரு சிறு நிதியும் வேண்டும். இதற்கு வைத்தியம் படித்திருக்கத் தேவையில்லை. காலையில் மூன்று மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். வைத்தியசாலையில் அனுமதி பெறும் காரியத்தை நான் பார்த்துக்கொள்ளுகிறேன்.