விமானத்தைக் கூண்டில் ஏற்றலாமா?



எதிரணிச் சகோதரி என்ன சொல்லிட்டுப் போனாங்க? விமானம் வந்துதான் பிள்ளைகளைத் தூரதேசத்துக்குப் பிரிச்சுதாம்! அம்மா, அதுக்கு முந்தியே லண்டன்காரன் கப்பல் கப்பலாக ஆஸ்திரேலியா போகலையா? ஒரு மாதத்துக்கு மேல் கடல்தான். "தாய்க்கு ஆபத்து" என்று தந்தி வந்தால் அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் குவாண்டாஸ் விமானம் கிளம்பியது. எத்தனை நேரம்? நாலு நாள்! டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலின்னு நின்னு நின்னு போச்சு, நம்ம டவுன் பஸ் மாதிரி. பயணிகள் மொத்தமே 29 பேர்.

அதே ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் இருக்கு. 2018 மார்ச்சில் அங்கேயிருந்து லண்டனுக்கு எங்கேயும் இறங்காத விமானம் விட்டாங்க. 14,498 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். திரும்பும்போது நேரம் குறையும். ஏன்னா, உயரத்தில் அடிக்கிற காற்று கிழக்கே தள்ளும். போகும்போது மெதுவா, வரும்போது வேகமா... மனைவியைக் கொண்டுவிட மாமியார் வீட்டுக்குப் போற மாப்பிள்ளை மாதிரி!

இன்றைக்கு "அம்மா ஆஸ்பத்திரியில்" என்று ராத்திரி போன் வந்தால், டிக்கெட் கிடைத்தவன் மறுநாள் ராத்திரிக்குள் கட்டில் பக்கத்தில் நிற்கலாம். கையைப் பிடிக்கலாம். நினைவு இருந்தால் நாலு வார்த்தை பேசலாம்.

வராத மகனும் இருக்கான், ஒத்துக்கறேன். அதுக்கு அவனைக் கேளுங்க! விமானத்தையா கூண்டில் ஏத்தறது?

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில்.