ஓடும் வண்டியில் ரேடியோ
(ஒரு சொற்பொழிவின் சாரம்)



இக்கூட்டத்திலுள்ள அநேகர் சட்டைப் பையில் ஒரு டெலிபோன் இருக்கிறது. அது எப்படி வந்ததென்றால், "எவனோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது ஒரே ஆள் ஒரே நாளில் கண்ட வஸ்து அல்லவென்றும், பலர் பல வருஷம் தோற்றுத் தோற்றுத் திருத்திய காரியமென்றும் சொல்லவே நாம் இங்கு வந்தோம்.

அமெரிக்காவில் டெட்ராயிட் நகரப் போலீசார், ரோந்து வண்டிக்கு ரேடியோவில் செய்தியனுப்ப 1921-ம் வருஷத்தில் முயன்றார்கள். ஓடுகிற வண்டியில் கருவி சரியாய் வேலை செய்யவில்லை. இதிலே ஒரு வேடிக்கை! அவர்களுக்குக் கிடைத்த லைசென்சு பொழுதுபோக்கு நிலையத்துக்குரியது. ஆதலால் பாட்டுக்கு நடுவில்தான் திருட்டுப்போன கார் சங்கதியைச் சொல்லவேண்டியிருந்தது! ஏழு வருஷப் பாட்டுக்குப் பின், 1928 ஏப்ரல் 7-ந் தேதி முதல் காரியம் ஒழுங்காய் நடந்தது. அப்போதும் வண்டிக்காரன் கேட்கலாமே தவிர, பதில் பேச முடியாது. பதில் பேசும் வசதி 1933-ல் நியூஜெர்சியைச் சேர்ந்த பேயோன் போலீசுக்கு வந்தது.

பொதுஜனங்களுக்கோ? 1946 ஜூன் 17-ல் செயின்ட் லூயிஸ் நகரில் கார் டெலிபோன் ஆரம்பமாயிற்று. கருவியின் எடை 80 பவுண்டு. ஊர் முழுவதற்கும் ஆரம்பத்தில் மூன்றே வழிகள். அதாவது மூவர் பேசினால் நான்காமவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிற்காலத்தில் நியூயார்க்கில் 2,000 பேருக்கு 12 வழிகள். அரை மணி நேரம் காத்திருப்பது சகஜம். காசுள்ளவர்களுக்கே இந்தக் கதி!

காரணமென்ன? ஒரே அலையில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும். நாம் இங்கு பெரிய ஒலிபெருக்கி வைத்துப் பேசினால் பக்கத்து ஊர்க் கூட்டமும் கெடும். வெறும் வாயால் பேசினாலோ, இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில் கூட்டம் நடக்கும். இந்தச் சின்ன யோசனையைத்தான் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த டி. எச். ரிங் என்பவர் 1947 டிசம்பரில் எழுதி வைத்தார். ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாய்ப் பிரி. ஒவ்வொன்றிலும் குறைந்த சக்தியுள்ள நிலையம் வை. அடுத்த வட்டாரத்துக்கு வேறு அலை கொடு. தூரத்து வட்டாரத்துக்குப் பழைய அலையையே மறுபடியும் கொடு. அவ்வளவுதான்!

ஆனால் வண்டி எல்லை தாண்டினால், பேச்சு அறுபடாமல் அலையை மாற்றுவது யார்? அதைக் கணந்தோறும் கவனித்து மாற்றும் யந்திரம் அன்று இல்லை. போதிய அலைகளை சர்க்காரும் ஒதுக்கவில்லை. கணக்கிடும் யந்திரங்கள் தேறிய பிறகே, 1979-ல் டோக்கியோவிலும், 1983 அக்டோபர் 13-ல் சிகாகோவிலும் இம்முறை வியாபாரத்துக்கு வந்தது. எழுதி வைத்ததற்கும் சிகாகோவில் நடந்ததற்கும் இடையே ஏறக்குறைய 36 வருஷம்!

இனி நீங்கள் பஸ்ஸில் பேசிக்கொண்டு போகும்போது வழியோரத்து இரும்புக் கம்பங்களைக் கவனியுங்கள். உங்கள் பேச்சை ஒரு கம்பம் அடுத்த கம்பத்தின் கையில் கொடுத்துக்கொண்டே வருகிறது. உங்களுக்கு அது தெரிவதுகூட இல்லை.