அடைப்பதோடு நில்லாத பல் சிமெண்ட்



பற்குழியை அடைக்க வெள்ளி-டின் இரசக்கலவை பயன்படுகிறது என்று பத்தாம் வகுப்பு வேதியியலில் ஒரு வரி வருகிறது. உமிழ்நீரின் பி.எச். மதிப்பு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும் என்பதும் அதே பாடநூலில் உள்ளது. இந்த இரண்டையும் சேர்த்து நடத்தலாம் என்பதற்காகவே இன்று பேச வந்தேன்.

எலும்பு முறிந்தால் கூடும். எனாமலில் உயிருள்ள செல்கள் இல்லாததால், அதில் விழுந்த குழி தானே மூடாது. இரசக்கலவை குழியை அடைக்கும். ஆனால் பல்லோடு ஒட்டாது. அது பிடித்து நிற்பதற்காக நல்ல பல்லையும் சிறிது குடைய வேண்டியிருக்கும். அதில் ஏறத்தாழப் பாதி பாதரசம் வேறு.

லண்டனில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் என்ற இருவர் 1972இல் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் பற்றி வெளியிட்டனர். ஃபுளோரைடு கலந்த கண்ணாடித் தூளைப் பாலிஅக்ரிலிக் அமிலத்தோடு குழைத்தால் சில நிமிடங்களில் இறுகும். நாம் கற்பிக்கும் அமில-கார வினைதான் இது. இந்தச் சிமெண்ட் பல்லின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு ஃபுளோரைடைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அருகிலுள்ள எனாமலில் மீண்டும் படிய அது துணைசெய்யும். ஃபுளோரைடு பற்பசையால் துலக்கினால், தீர்ந்ததை ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். இரசக்கலவை அளவுக்கு உறுதியில்லை என்பது இதன் குறை.

1980களில் தான்சானியாவில் டிரில்லும் மின்சாரமும் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை உருவானது. அம்முறைக்கு ஏற்றதாக அமைந்தது இந்தச் சிமெண்டே. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

2017இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் ஷார்ப் குழுவினர், டைடக்ளூசிப் என்ற மருந்தில் நனைத்த கொலாஜன் பஞ்சைச் சுண்டெலியின் பற்குழியில் வைத்தனர். உள்ளிருந்து டென்டின் வளர்ந்து குழியை நிரப்பியது. அப்போதும் வளர்ந்தது டென்டின்தான், எனாமல் அல்ல.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலேயே பின்வரிசையில் முளைக்கிறது. "விழுற பல்லுதானே" என்று பெற்றோர் விட்டுவிடுவது பெரும்பாலும் இதைத்தான். போனால் வேறு முளைக்காது. பல்லில் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி தெரிந்தால், அது குழி விழுவதற்கு முந்தைய நிலையாக இருக்கலாம். அப்போதே கவனித்தால் மீட்கலாம். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் அந்தக் குழந்தையை முதலில் காட்டுங்கள்.