மழைக்கு ஒரு சுற்றறிக்கை
(நமது சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சந்தியாவந்தனத்தையும் விடாதவர், சயன்ஸையும் விடாதவர் என்று செயலாளர் என்னை அறிமுகம் செய்தார். அந்தத் தைரியத்தில்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன். வறட்சி வந்தால் அரசாங்கமே மக்களைப் பிரார்த்தனைக்கு அழைப்பது சரியா?

இது நம் தேசத்தில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில கவர்னர் சானி பெர்டூ, 2007 நவம்பர் 13-ம் தேதி அட்லாண்டா சட்டசபைக் கட்டடத்தின் வாசலில் நின்று மழைக்காகக் கூட்டுப் பிரார்த்தனை நடத்தினார். ஓரிரு நாளில் கொஞ்சம் மழை பெய்தது. மழை வரலாம் என்று வானிலை இலாகா முன்னமே சொல்லியிருந்தது. ஆனால் வறட்சி தீரவில்லை. அட்லாண்டாவுக்குத் தண்ணீர் தரும் லேனியர் ஏரி அடுத்த மாதமே அதுவரை காணாத அளவுக்குக் கீழே போயிற்று. டெக்சாஸ் கவர்னர் ரிக் பெர்ரி, 2011 ஏப்ரல் 22 முதல் 24 வரை மூன்று நாட்களை மழைப் பிரார்த்தனை நாட்களாகப் பிரகடனம் செய்தார். அந்த வருஷம் அம்மாநிலத்தின் மழைப் பதிவேட்டிலேயே மிக வறண்ட வருஷமாக முடிந்தது.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். மழை வந்ததால் பிரார்த்தனை பலித்தது என்றோ, வராததால் பொய்த்தது என்றோ ஒரு சயன்ஸ் மாணவன் தீர்ப்புச் சொல்ல முடியாது. பகவானை மழைமானியை வைத்து அளக்க வேண்டாம்.

நம் பக்கம் வருவோம். 2012 ஜூலையில் கர்நாடக அரசு, அறநிலையத் துறையின் கீழ் உள்ள சுமார் 34,000 கோயில்களில் மழைக்காக விசேஷ பூஜை செய்யச் சொன்னது. கோயிலுக்கு 5,000 ரூபாய். மொத்தம் சுமார் 17 கோடி. தமிழ்நாட்டில் 2019 கோடையில் அறநிலையத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. வருண ஜபம், பர்ஜன்ய சாந்தி, நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி நீர் நிரப்புதல், நாதஸ்வரத்தில் அமிர்தவர்ஷினி ராகம் எல்லாம் அதில் இருந்தன. அதே ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது.

இதில் ஒரு செய்தியை மறக்கக் கூடாது. அதே சென்னை 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய ஊர். நாலே வருஷத்தில் தண்ணீர் ரயில்! வருணன் கொடுத்ததை வைத்துக்கொள்ள நமக்குப் பாத்திரம் இல்லை. ஏரிகளும் சதுப்பு நிலங்களும் மனைகளாகிவிட்டன. இந்தக் குறைக்கு ஜபத்தில் பரிகாரம் கிடையாது. அரசாங்கக் கோப்பில்தான் உண்டு.

கோப்பில் கையெழுத்து விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு குழாயும் குழியும் வந்தன. பிற்பாடு பல இடங்களில் அவை தூர்ந்துபோனது வேறு விஷயம். அது பராமரிப்பின் குறை. ஜார்ஜியா கவர்னரும் பிரார்த்தனையோடு நிற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின மாதமே மாநிலத்தின் வடபகுதியில் தண்ணீர் உபயோகத்தைப் பத்து சதவீதம் குறைக்க உத்தரவிட்டிருந்தார்.

மகாராஷ்டிரத்தில் 1972-73 பஞ்சத்தின்போது நான் உத்தியோகத்துக்குப் புதுசு. நிவாரண வேலைத் தலங்களைப் பார்வையிட அனுப்புவார்கள். கரை போடவும், குட்டை வெட்டவும், கல் உடைக்கவும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள். காலையில் மாருதியைக் கும்பிட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார்கள். கும்பிடச் சொல்லி எந்த ஆபீஸரும் உத்தரவு போடவில்லை. மண்வெட்டியும் கூலியும் ஏற்பாடு செய்வதுதான் எங்கள் வேலை. அந்தப் பஞ்சத்தில் பிறந்த வேலை உறுதித் திட்டம் 1977-ல் அங்கே சட்டமாயிற்று. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி. அன்று வெட்டிய குட்டைகள் அடுத்து வந்த மழையைத் தேக்கிக்கொண்டன.

நம் சாஸ்திரம் இந்தப் பங்கீட்டை அழகாகவே செய்திருக்கிறது. தர்ம காரியங்களை இஷ்டம், பூர்த்தம் என்று இரண்டாகச் சொல்வார்கள். யாகம், ஹோமம் முதலியவை இஷ்டம். கிணறு, குளம் வெட்டுவது, சோலை வைப்பது, அன்னசத்திரம் கட்டுவது பூர்த்தம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இஷ்டம் நம்முடையது, ஆத்திலும் கோயிலிலும் நாமே செய்துகொள்வோம். காலம் தவறாமல் மழை பெய்யவேண்டும் என்று மங்கள சுலோகத்தில் வேண்டிக்கொள்கிறோமே, அதற்கு வறட்சி வரவேண்டும் என்றில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை. எட்டயபுரம் பக்கம் காய்ந்த பூமியைப் பார்த்து மனம் இளகி முத்துஸ்வாமி தீக்ஷிதர் அமிர்தவர்ஷினியில் பாடினார், மழை கொட்டியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவருக்கு எந்த இலாகாவும் ஆணை அனுப்பவில்லை! உத்தரவின் பேரில் பாடினால் அது டியூட்டி, பக்தி ஆகாது.

மந்திரியும் மனுஷர்தான். அவர் கோயிலுக்குப் போய் மழைக்காக வேண்டிக்கொண்டால் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. கஷ்ட காலத்தில் நாலு பேர் சேர்ந்து வேண்டிக்கொண்டால் மனசுக்குத் தெம்பு வருவதும் நிஜம். ஆனால் அவருடைய நாற்காலிக்கு உள்ள தர்மம் பூர்த்தம். எல்லா மதத்தாரும் வரி கட்டுகிற கஜானா அது. அந்தப் பதினேழு கோடியில் எத்தனை குளம் தூர் வாரியிருக்கலாம் என்று கேட்பது நாஸ்திகம் ஆகாது.

கடைசியாக, நமக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை, பெங்களூரு, மும்பை, டில்லி என்று எங்கெங்கோ இருக்கிறோம். பாதிப் பேர் அடுக்குமாடியில். அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் மழைநீர்க் குழியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம்? ஐப்பசி மழைக்காரர்கள் புரட்டாசிக்குள்ளும், ஆனி ஆடி மழைக்காரர்கள் வைகாசிக்குள்ளும் அதை முடித்துவிடுங்கள். அப்புறம் ஸ்நானம் செய்துவிட்டு வருண ஜபத்துக்கு உட்காரலாம். நானும் வந்து உட்காருகிறேன்.