உங்கள் காரில் இடம் இருக்கிறதா?

(வருடாந்த ஒன்றுகூடலுக்கு முந்திய ஞாயிறு ஆராதனையின் பின் ஆற்றப்பட்ட உரை)



போதகர் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். கீழ்மண்டபத்திலிருந்து சாப்பாட்டு வாசனை வருவதால் நான்கிலேயே முடிக்கப் பார்க்கிறேன்.

வருகிற சனிக்கிழமை சிம்கோ ஏரிக்கரையில், சிபல்ட் பொயின்ற் பூங்காவில் நம் ஒன்றுகூடல். ஸ்காபுறோவிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றர், போய்வர 160. நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர் குடிக்கிற கார் என்றால் 16 லீற்றர் பெற்றோல். பூங்கா வாசலில் கட்டணம் வாகனத்துக்குத்தான். ஒருவர் போனாலும் ஐந்து பேர் போனாலும் அதே காசு. போன முறை வாகனத் தரிப்பிடத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். நம்முடைய கார்கள் 24. அதில் ஒன்பது கார்களில் ஓட்டி வந்தவரைத் தவிர வேறு ஆளே இல்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு லீற்றர் பெற்றோலின் எடை முக்கால் கிலோ. அது எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட் வெளியே வருகிறது. முக்கால் கிலோ எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் ஆனது? பெற்றோலில் உள்ள காபன், காற்றில் இருக்கிற ஒட்சிசனைப் பிடித்துச் சேர்த்துக்கொள்கிறது. அந்த எடையில் பெரும்பகுதி ஒட்சிசனுடையது. அப்படியானால் 16 லீற்றருக்கு? 37 கிலோ. பத்துக் கார்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் 370 கிலோ குறையும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன், தை மாதத்து வெள்ளிக்கிழமை, மாலை ஜெபக்கூட்டம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தனியே காரில் வந்தேன். வழியில் பஸ் தரிப்பிடத்தில் யாரோ ஒரு அம்மா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். யாரென்று பார்க்கவில்லை. கூட்டம் பாதி முடிந்த பிறகு அவர் உள்ளே வந்தார். நம் சபையின் மூத்த அம்மா ஒருவர். கையுறையைக் கழற்ற விரல் மடங்கவில்லை. பிறகு விசாரித்தால், அன்று அந்தத் தெருவைத் தாண்டி வந்த நம் கார்கள் நான்கு. மற்றவர் ஏற்றி வருவார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம்.

“ஏன் அம்மா, எனக்கு ஒரு ஃபோன் எடுத்திருக்கலாமே?” என்றேன்.

“எத்தினை தரம் தம்பி ஒராளிட்டைக் கேக்கிறது?” என்றார்.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் யோசேப்பும் மரியாளும் இப்படித்தான் நினைத்தார்கள். பிள்ளை உறவினரோடு வருகிறான் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். அதனால்தான் யார் யாரோடு என்று தாளில் எழுதச் சொல்கிறேன். அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவைத் தன் இரதத்தில் ஏறி உட்காரச் சொல்கிறார். இரதம் உள்ளவர்தான் கூப்பிட்டார். நம் சபையிலும் கார் உள்ளவர்களே முதலில் கேட்க வேண்டும்.

யாராவது பெற்றோல் காசு நீட்டினால் வாங்குங்கள். “சீச்சீ, வேண்டாம்” என்று தள்ளினால் அடுத்த முறை அவர் கூச்சத்தில் ஏறமாட்டார். தராதவரிடம் கேட்காதீர்கள். பிள்ளையை இன்னொருவர் காரில் அனுப்புகிற பெற்றோர் பூஸ்ரர் இருக்கையையும் கூடவே கொடுத்துவிடுங்கள்; யாருடைய காராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். 404 நெடுஞ்சாலையில் வெள்ளை வைரக் குறி போட்ட தடம் தெரியுமல்லவா? இரண்டு பேராவது இருந்தால் அதில் போகலாம். தனியே வருகிறவர்கள் பக்கத்துத் தடத்தில் நின்று நமக்குக் கை காட்டலாம்.

கீழ்மண்டப வாசலில் மேசையில் தாள் இருக்கிறது. கார் உள்ளவர்கள் சாப்பிடப் போகுமுன் எழுதுங்கள். அந்த அம்மாவின் பெயருக்கு நேரே என் பெயரை எழுதிவிட்டேன். பின் இருக்கையில் இன்னும் இரண்டு இடம் உண்டு. கட்லட் கொண்டுவருபவர்களுக்கு முன்னுரிமை.